கம்பியா, காற்றா?

தஞ்சைத் தரணியிலே பயிருக்கு மருந்து அடிக்கும் முறை மாறி வருகிறது. முதுகிலே தெளிப்பானைச் சுமந்து, கால் புதையும் சேற்றில் நடப்பதற்குப் பதிலாக, வரப்பில் நின்றபடியே டிரோனைப் பறக்க விடுகிறார்கள். 10 லிட்டர் தொட்டி உள்ள டிரோன், ஒரு ஏக்கரைச் சுமார் 10 நிமிடத்தில் முடித்து விடுகிறது.

மகளிர் சுய உதவிக் குழுக்களில் 15,000 குழுக்களுக்கு டிரோன் கொடுக்கும் ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்துக்கு, 2023 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. ‘தீதி’ என்றால் அக்காள். விலையில் 80 சதவீதம், அதாவது 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதியைக் குழுதான் கட்ட வேண்டும். சம்பாப் பயிருக்கு மருந்து அடிக்கும் நாளில் டிரோன் சும்மா கிடந்தால், நஷ்டம் அந்தப் பெண்களுக்கே!

அதைச் சும்மா போட்டு வைக்க ஒரு சின்னக் கம்பி போதும்.

பல டிரோன்களுக்கு இயக்கும் கருவி வேறு, செல்போன் வேறு. ரேடியோ அலை மூலம் டிரோனுக்குக் கட்டளை இடுவது கருவி. வயலின் படம், உயரம், பாட்டரி நிலை ஆகியவற்றைக் காட்டுவது செல்போன். இரண்டையும் கம்பியால் இணைக்கலாம். வைபை, புளூடூத் மூலம் கம்பி இல்லாமலும் இணைக்கலாம்.

வயலுக்கு எது நல்லது? கம்பிதான். புளூடூத்தும் பெரும்பாலான வைபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. பல டிரோன்களுக்குக் கட்டளை போவதும் அதே அலையில்தான். குறுகிய சந்திலே மூன்று வண்டிகள் புகுந்த கதை அது! கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கம்பியிலும் ஏமாற்றம் உண்டு. சில கம்பிகள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும், தகவலைக் கடத்தாது. பாட்டரி ஏறும், படம் வராது. டிரோனே பழுது என்று நினைத்து வேலையை நிறுத்தி விடுவார்கள். தகவல் கடத்தும் கம்பியை மாற்றினால் தீர்ந்தது!

பறக்கும்போது கம்பி கழன்று விட்டால்? பதற வேண்டாம். இத்தகைய டிரோன்களில் கருவியின் பிடிகள் தொடர்ந்து வேலை செய்யும். கண்ணால் பார்த்தே இறக்கி விடலாம். கருவிக்கும் டிரோனுக்கும் உள்ள தொடர்பு அறுந்தால்தான் ஆபத்து. அப்போது பல டிரோன்கள் புறப்பட்ட இடத்துக்குத் தாமாகவே திரும்பும். திரும்பும் உயரத்தைத் தென்னை மரத்துக்கு மேலே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லட்ச ரூபாய்ச் சாமான் மட்டையில் மோதும்.

திட்டப்படி பயிற்சி 15 நாள். அதில் 5 நாள் பறக்க விடுவதற்கு. 10 நாள் மருந்தும் உரமும் தெளிப்பதற்கு. இந்த இணைப்பு விஷயத்தையும் தேர்வில் சேர்க்க வேண்டும். பறக்கும்போது கம்பியைக் கழற்றி விட்டு, “இப்போது இறக்கிக் காட்டம்மா” என்று கேட்க வேண்டும். செல்போனில் வரும் எச்சரிக்கைகள் தமிழில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மாற்றுக் கம்பி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

மேட்டூர் திறந்தாலும், வாய்க்கால் அடைத்திருந்தால் வயல் காயும். லட்சங்களை மானியமாகக் கொடுத்தவர்கள் இந்தச் சின்னக் கம்பியையும் கவனிக்கட்டும்.