ஆங்கில உபாத்தியாயர்

ஆங்கில உபாத்தியாயரைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அவர் மெத்தப் படித்தவர் என்பது ஒன்று. தமிழ் அறியாதவர் என்பது மற்றொன்று. உயர்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருக்கும் நாம் முதல் அபிப்பிராயத்தை மறுக்க அவசரப்பட்டதில்லை. இரண்டாவதைப் பற்றியே நேயர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். தமிழைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆங்கிலம் புகட்டியவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சமயம் ஒரு பெண் எழுந்து, "தாத்தாவையும் 'ஹி' என்றுதான் எழுத வேண்டுமா, சார்? அவன் என்று அர்த்தமாகிவிடாதா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆயினும் அது நல்ல இலக்கணக் கேள்வி. அவன், அவர் என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கும் மொழியிலிருந்து வரும் குழந்தை, ஒன்றே உள்ள மொழியில் மரியாதையை எங்கே வைப்பது என்று தேடுகிறது. நீ, நீங்கள் ஆகிய இரண்டுக்கும் ஒரே 'யூ'தான் என்றதும் அதன் திகைப்பு இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் மரியாதை பெயருக்குப் பதிலாக வரும் சொல்லில் இல்லை. 'மே ஐ', 'வுட் யூ' என்று வாக்கியத்தின் வாசலில் வந்து நிற்கும் சொற்களில் இருக்கிறது. அன்றைய பீரியட் முழுவதும் இதிலேயே கழிந்தது. நடத்தியிருக்க வேண்டிய பாடம் வேறு.

'எ', 'தி' என்னும் இரு சிறு சொற்களும் அப்படித்தான். தமிழில் அவற்றுக்கு நேரான உறுப்பு இல்லையாதலால், பட்டதாரிகளும் அவற்றில் இடறுகிறார்கள். புத்தகத்தில் உள்ள விதிகளை ஒப்பிப்பதைக் காட்டிலும் பாட்டி கதையைத் துணைக்கு அழைப்பது மேல். "ஒரு ஊரிலே ஒரு ராஜா; அந்த ராஜாவுக்கு ஒரு பெண்; அந்தப் பெண்ணுக்கு..." முதன்முறை வரும்போது 'ஒரு', மறுமுறை வரும்போது 'அந்த'. பாட்டி இலக்கணம் படித்தவள் அல்லள். ஆயினும் ஒருபோதும் தவறியதில்லை. இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. நதிகளின் பெயருக்கு முன்னே 'தி' ஏன் வருகிறது என்று பாட்டியைக் கேட்டுப் பயனில்லை. பாதி தூரம் போக அது போதும்.

பரீட்சை விஷயம் வேறு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன; 2019-20 கல்வியாண்டு முதல் ஒன்றாயின. சுமை குறைந்தது நல்லதே. ஆனால் இரண்டு தாள்கள் இருந்த காலத்திலும் சரி, ஒரு தாளான பின்பும் சரி, அந்தத் தேர்வில் மாணவன் வாய் திறக்க வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை. கைடைப் பார்த்துக் கட்டுரையைக் கமா முதற்கொண்டு நெட்டுருப் போட்டுத் தொண்ணூறு மார்க்கு வாங்கிய பையன், பெங்களூர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் எதுவென்று ஆங்கிலத்தில் விசாரிக்கக் கூசி, போர்டைத் தேடி அலைகிறான். மார்க்கை நம்பியிருந்த தகப்பனாருக்கு இது எப்படித் தெரியும்?

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோரைக் குறை கூற மாட்டோம். உத்தியோகத்தின் கதவு எந்த மொழியில் திறக்கிறதோ அந்த மொழியைப் பிள்ளைக்குத் தர விரும்புவது இயல்பு; ஆங்கிலம் வேண்டாமென்று சொல்கிறவர்களும் அல்லோம். ஆனால் செடி சூரிய ஒளியில் உணவு சமைக்கும் சங்கதியைத் தமிழில் ஒருமுறையேனும் விளங்கிக்கொள்ளாமல், அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களை மாத்திரம் பிழையின்றி எழுதும் குழந்தை, விஞ்ஞானமும் கற்கவில்லை, ஆங்கிலமும் கற்கவில்லை. இந்தக் குழந்தைகள்தான் பின்னர் நம்மிடம் வருகிறார்கள். சொல்வதற்கு ஒன்று இருந்தாலல்லவா அதை வேறு மொழியில் சொல்லக் கற்றுக்கொடுக்கலாம்?

இங்கே மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் நினைவுக்கு வருகிறார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்து, 1907-ல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர். ஆங்கிலேயரும் மெச்சிய ஆங்கிலம் அவருடையது. மகாத்மா காந்தி தமது சத்திய சோதனையை எழுதியதோ குஜராத்தியில். மகாதேவ தேசாய் அதை ஆங்கிலமாக்கினார். 1940-ல் வெளிவந்த திருத்திய பதிப்புக்கு மொழிபெயர்ப்பை வரிவரியாகச் செப்பனிட்டுக் கொடுத்தவர் சாஸ்திரியார். ராஜீய விஷயத்தில் காந்தியடிகளின் முறைகளை அவர் ஒப்புக்கொண்டதில்லை. இருந்தும் இந்த வேலையைச் செய்தார். தம் பெயர் வெளிவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பெயரின்றி, மதிப்பிற்குரிய ஒரு நண்பர் என்ற அளவிலேயே முன்னுரை அவரைக் குறித்தது. உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு தாய்மொழியில் பிறந்துவிட்டது. உபாத்தியாயரின் சிவப்பு மசி பின்னால் வந்து வழியைச் சீராக்கியது. நம் தொழிலுக்கு இதைவிடக் கௌரவமான ஸ்தானம் ஒன்றை நாம் கேட்கவில்லை.

எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நோட்டுப் புத்தகம் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதை ஒன்றை ஒரு பிள்ளை எழுந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முடியும் வரையில் யாரும் குறுக்கிடக் கூடாது, உபாத்தியாயர் உட்பட. முதல் மாதங்களில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் எவரும் தாண்டவில்லை. சென்ற வாரம் ஒரு பையன் நரிக் கதை ஒன்றைப் பத்து நிமிஷம் சொன்னான். காலங்களையெல்லாம் குழப்பினான், ஆனால் நிற்கவில்லை. நரியை ஆதியோடந்தமாக 'ஹி' என்றே சொன்னதால், முடிந்த பிறகு, 'இட்' என்றும் சொல்லலாமே என்றோம். அவனுடைய பாட்டி நரியை 'நரியார்' என்றுதான் சொல்லுவாராம். ஆகையால் 'இட்' என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லையாம்.