சட்டம் இருக்கிறது, உதவியாளர் எங்கே?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உள்ளடக்கிய கல்விக்குத் துணைநிற்கும் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அதன் 17ஆவது பிரிவு அரசைப் பணிக்கிறது. அந்தப் பிரிவு இன்னும் பள்ளி வாசலை எட்டவில்லை.

அரசுப் பள்ளியில் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. அதன்பின் அந்தக் குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது யார்? சோறு ஊட்டுவது யார்? பெரும்பாலான பள்ளிகளில் அதற்கென ஆள் இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டுத் தாய் வராந்தாவில் காத்திருக்கிறார். இலவசக் கல்விக்கு அவர் தரும் விலை இது.

உதவியாளர் இருக்கும் இடத்திலும் பயிற்சி இல்லை. பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினால் புரையேறும், உயிருக்கே ஆபத்து. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தை தட்டுத்தடுமாறி எழுத வேண்டியதை, கையைப் பிடித்து அவரே எழுதி முடிக்கிறார். நோட்டு நிறைகிறது, குழந்தை கற்கவில்லை. குற்றம் அவருடையது அல்ல. பயிற்சி தராமல் வேலைக்கு அனுப்பியவர்களுடையது.

சிறப்பாசிரியர்கள் கேட்பது இதைத்தான். உதவியாளர் வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர் வேண்டும். எங்கே கைகொடுப்பது, எங்கே ஒதுங்கி நிற்பது என்று இருவரும் உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். பள்ளி பள்ளியாக அலையவிடப்படும் ஒப்பந்த ஆசிரியருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கு யார் பொறுப்பு? கோப்பை நகர்த்தாதவர்கள் பதில் சொல்ல வேண்டும். நிதி ஒதுக்காதவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டியது போதும். வகுப்பறை உதவியாளர் பணியிடத்தை உருவாக்குங்கள். பயிற்சி முடித்தவரை மட்டுமே குழந்தையிடம் அனுப்புங்கள். உழைப்புக்கேற்ற ஊதியம் கொடுங்கள். சிறப்பாசிரியர்களைப் பணி நிரந்தரம் செய்யுங்கள். அடுத்த கல்வியாண்டுக்குள் அரசாணை வெளிவர வேண்டும்.

2017இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை உயர்நிலை வகுப்பை எட்டிவிட்டது. அந்தக் குழந்தை இழந்த ஆண்டுகளை எந்த அரசாணையும் திருப்பித் தராது. இன்று சேரும் குழந்தையிடமிருந்தும் அதே ஆண்டுகளைப் பறிக்க உங்களுக்கு உரிமை இல்லை.