வங்கிக் கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாழ் தமிழ் மக்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்



வெளிநாட்டு நிறுவனத்துக்குக் 'கொடுப்பனவு உதவியாளர்' தேவை என்று வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் விளம்பரங்கள் வருகின்றன. வீட்டிலிருந்தே வேலை, நேர்முகப் பரீட்சை கிடையாது. உங்கள் கணக்குக்கு வரும் காசில் கொமிஷனை எடுத்துக்கொண்டு, மிகுதியை அவர்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அல்லது கிரிப்டோ நாணயமாக மாற்றிவிட வேண்டும். உயர்தரப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வெளிநாடு போவதற்காக லொட்ஜில் தங்கியிருப்போர், மலையகத்திலிருந்து வந்து கடைகளில் நிற்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் இது ஆசை காட்டக்கூடியது.

இது வேலை அல்ல. அந்தக் காசு எங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவருடையது. அவர் முறைப்பாடு செய்ததும் பொலிஸார் முதலில் தேடுவது காசு விழுந்த கணக்கின் சொந்தக்காரரை. வேலை தந்தவரைப் பற்றி ஒரு பொய்ப்பெயரைத் தவிர எதுவும் கிடைக்காது. உங்களுடைய அடையாள அட்டை இலக்கம், முகவரி, கையெழுத்து எல்லாம் வங்கியில் இருக்கின்றன. உங்களைச் சேர்த்ததே அதற்காகத்தான்.

லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் காசை ஒருவர் எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன காரியம். உண்டியல் காசுப் பரிமாற்றம் அப்படித்தான் நடந்தது. சட்டம் அதை ஏற்கவில்லை என்றாலும், அங்கே ஆளை ஆள் தெரியும். முகமே தெரியாதவனுக்கும் அதே உதவியைச் செய்யலாம் என்று எண்ணுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

திருட்டுப் பணத்துக்கு உள்ளூர்க் கணக்கைத் தேடுவது கொழும்புக்குப் புதிதுமல்ல. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து திருடப்பட்ட பணத்தில் 2 கோடி டொலர், இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. பெயரில் இருந்த எழுத்துப்பிழை சந்தேகத்தைக் கிளப்ப, பணம் தடுக்கப்பட்டது. 2017 ஒக்டோபரில் தாய்வான் வங்கி ஒன்றின் கணினிகளுக்குள் புகுந்து திருடிய பணத்தின் ஒரு பகுதி இங்குள்ள கணக்குகளுக்கு வந்தது. அதன் தொடர்பில் இங்கே ஆட்கள் கைதானார்கள். திருடர்கள் எங்கே இருந்தாலும், அவர்களுக்கு உள்ளூரில் ஒரு கணக்கு வேண்டும்.

2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் கடுமையானது. குற்றத்தால் வந்த பணம் என்று தெரிந்து கையாண்டவருக்கு மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கையாண்டவருக்கும் 5 முதல் 20 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற பேச்சு எல்லா நேரமும் காப்பாற்றாது.

ஆகவே, பின்வருவனவற்றை மனதில் வைத்திருங்கள்:

• எந்த உண்மையான நிறுவனமும் தன் வாடிக்கையாளரின் பணத்தை ஊழியரின் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை.

• கணக்குப் புத்தகம், ஏ.ரி.எம். அட்டை, சிம், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்பவர் வேலை தருபவர் அல்லர்.

• 'உன் பெயரில் புதுக் கணக்கு ஒன்று திற, மாதாமாதம் காசு தருகிறோம்' என்பதும் இதே மோசடிதான். கேட்பவர் நண்பராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

• வேலை தருவதற்கு முன் வைப்புப் பணம் கேட்டால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், வந்த காசைச் செலவழிக்கவும் வேண்டாம், அவர்கள் சொல்லும் இன்னொரு கணக்குக்கு அனுப்பவும் வேண்டாம். உடனே வங்கிக்கு அறிவியுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இணைய மோசடி பற்றி இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் (Sri Lanka CERT) 101 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. வாசித்து விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் ஏசாதீர்கள். பயத்தில் மறைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கினூடாக இன்னும் காசு போகும். லொட்ஜ் நடத்துவோர், கொமியூனிகேஷன் கடைக்காரர், ரியூஷன் ஆசிரியர்கள், கோயில், தேவாலயப் பொறுப்பாளர்களே, இந்த வேண்டுகோளைப் பலரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். வேலை தேடும் ஒரு பிள்ளையாவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். இன்றைக்கே அந்தப் பிள்ளையுடன் இதைப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோரும் அயலவரும்