செருப்புத் தைத்த சூப்பர் ஹீரோ

கோடம்பாக்கத்தில் ஒரு பல்லவி உண்டு. 'நம்ம ஆடியன்ஸுக்கு சூப்பர் ஹீரோ கதையெல்லாம் செட் ஆகாது சார்!' ஒரு படம் ஊத்திக்கொண்டதும் இதைப் பாட ஆரம்பிப்பார்கள். கொஞ்ச காலம் கழித்து இன்னொருத்தர் புதுசாக ஒரு ரப்பர் சட்டைக்கு அளவு கொடுப்பார். அதுவும் ஊத்திக்கொள்ளும். மறுபடியும் பல்லவி.

சுத்தப் பொய் இது. சொல்கிறவர்கள் ஒரு தடவை தெற்கே பஸ் ஏறி வந்து பார்க்கட்டும்.

1972 ஜனவரியில் சிவகாசியில் சவுந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்துச் சரக்கு. விபத்தில் ஒரு கையை இழந்து, இரும்புக்கை மாட்டிக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1984ல் அவர் மகன் விஜயன் ஆரம்பித்த லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான். சிலந்தி கடித்த மார்வெல் பையன் இல்லை, இவன் வேற ஆள். இவனுக்குக் கதை எழுதியவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி சீகல். 1938ல் சூப்பர்மேனைப் படைத்த இரண்டு பேரில் ஒருவர். சூப்பர்மேனைப் பெற்ற மனுஷன் எழுதியதை மானூர்ப் பையனும் அம்பாசமுத்திரத்துப் பையனும் தமிழில் படித்து வளர்ந்திருக்கிறான். ஒரு புத்தகம் பத்துப் பேர் கைமாறி, அட்டை கிழிந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி கைமாறும். இவனுக்கா செட் ஆகாது?

இந்த இரண்டு பேரிடமும் ஒரு ஒற்றுமை உண்டு. மாயாவி ஆரம்பத்தில் நல்லவனே இல்லை. மறையத் தெரிந்ததும் முதலில் தப்புத்தண்டாவில்தான் இறங்கினான். ஸ்பைடர் சுத்த வில்லனாக வந்து பிறகு திருந்தியவன். இவர்களுக்கு என்ன ஆச்சு, ஏன் இப்படி மாறினார்கள் என்பதுதான் பையன்களைப் பிடித்து உட்கார வைத்தது. காமிக்ஸ் வெறியர்கள் மூலக்கதை என்று சண்டை போடுவது இதைத்தான்.

மூலக்கதையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சமீபத்திய உதாரணம் கமலா கான். அமெரிக்காவில் பிறந்த பாகிஸ்தானி வீட்டுப் பெண், 2014 முதல் மார்வெலில் 'மிஸ் மார்வெல்' என்று சொந்த இதழ் கண்டவள். காமிக்ஸில் உடம்பை நீட்டுவாள், சுருக்குவாள். 2022ல் தொடராக வந்தபோது அது போய், கொள்ளுப்பாட்டியின் வளையலும் இந்தியப் பிரிவினையும் வந்தன. பிரிவினை ரயிலைக் காட்டிய இடம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் குடும்பத்துக்கு நடந்த ஒன்றை அது கதையில் சேர்த்தது. ஆனால் 2023ல் காமிக்ஸ்காரர்களே அவளைக் கொன்று, உயிர்ப்பித்து, 'இவள் மியூட்டன்ட்' என்று திரைக்குத் தோதாக ஒட்டுப்போட்டார்களே, அது வியாபாரம். இரண்டுக்கும் வித்தியாசம் ரசிகனுக்குத் தெரியும்.

நம்ம ஊருக்கு வருவோம். 2019ல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' தமிழில் வந்தது. வசனம் முருகதாஸ், அயர்ன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். டோனி ஸ்டார்க் பேசவில்லை, சேதுபதி பேசுகிறார் என்றார்கள். நியாயமான கோபம். அதே குரல் 2023ல் மடோன் அஷ்வினின் 'மாவீரன்' படத்தில் ஒரு பயந்தாங்கொள்ளியின் காதுக்குள் பேசியது. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஏன்? அவன் பேப்பரில் படக்கதை வரைகிறவன். குடிசையைக் காலி பண்ணி, தொட்டால் உதிரும் அடுக்குமாடியில் கொண்டு தள்ளிய கூட்டத்தில் ஒருத்தன். அந்தக் குரலுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

2012ல் மிஷ்கின் எடுத்த 'முகமூடி' நினைவிருக்கிறதா? ஜீவா உழைத்திருந்தார், குங்ஃபூ இருந்தது, முகமூடி இருந்தது. அவன் அதை மாட்டியே ஆகவேண்டும் என்பதற்கு ஒரு வலுவான காரணம் மட்டும் இல்லை. சட்டை ரெடி, சங்கடம் ரெடியாகவில்லை. கல்யாண மண்டபம் பிடித்துவிட்டுப் பெண் தேடின கதை.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். 2021ல் பாசில் ஜோசப் 'மின்னல் முரளி' எடுத்தார். ஹீரோ ஒரு கிராமத்துத் தையல்காரன். உலகத்தைக் காப்பாற்றவில்லை, ஊரைத்தான் காப்பாற்றினான். வில்லனுக்கும் அழத் தோன்றும்படி ஒரு கதை இருந்தது. 2025 ஓணத்துக்கு டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' வந்தது. சூப்பர் ஹீரோயின் யார்? கள்ளியங்காட்டு நீலி! பாட்டி சொன்ன யட்சிக் கதையை எடுத்து, அவளை அடக்குமுறைக்கு ஆளான பழங்குடிப் பெண்ணாக்கி, பெங்களூரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தியேட்டர்கள் நிரம்பின.

வயிறு எரிகிறது சார். கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? நாகர்கோவில் பக்கத்தில். நீலி கடைசியில் இசக்கியாக உட்கார்ந்த முப்பந்தல் எங்கே? ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில். நெல்லைச் சீமையில் இசக்கி இல்லாத ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம். நகைக்காக ஏமாற்றிக் கொல்லப்பட்டவள், மறுபிறவி எடுத்து, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நியாயம் கேட்ட கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டவர்கள் நாம். அதை வைத்துப் படம் எடுக்க நமக்குத் தோன்றவில்லை.

உடனே ஒரு கோஷ்டி, 'அவெஞ்சர்ஸ் என்ன பெரிய அவெஞ்சர்ஸ், அன்னைக்கே நம்மகிட்ட சுடலைமாடன் இருந்தாரு' என்று மார்தட்டக் கிளம்பும். தயவுசெய்து வேண்டாம். பெருமையடிக்க வேற விஷயம் பாருங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: எடுத்தால் மூலக்கதையை மாற்றாமல் எடுப்பீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு மூலக்கதை மாற்றப்பட்டிருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் காட்டில் தங்கிக் கும்பிடுவார்கள். பட்டவராயனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு. காணிக்கைச் செருப்பை அவர் போட்டு நடக்கிறார், அதனால்தான் அது தேய்ந்துபோகிறது என்பது நம்பிக்கை.

அவர்தான் முத்துப்பட்டன். பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள்மேல் ஆசைப்பட்டான். அவர்கள் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள். 'பூணூலைக் கழற்று, குடுமியை எடு, எங்கள் தொழிலைப் பழகிக்கொண்டு வா' என்றார் மாமனார். பழகினான். செருப்புத் தைத்தான். கட்டிக்கொண்டான். கல்யாண ராத்திரியே மாடு திருடர்கள் வந்தார்கள். மாமனாரின் மந்தையைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தான். ஜனங்கள் அவனைச் சாமியாக்கினார்கள். இவன் சூப்பர் ஹீரோ இல்லையென்றால் வேறு யார்? கிரிப்டானிலிருந்து வந்தவன் பூமியில் பிழைக்கப் பழகினான். இவன் அக்ரகாரத்திலிருந்து இறங்கிவந்து பகடையின் குடிசையில் பழகினான். எது தூரம் அதிகம்?

சரி, மாற்றியது என்ன? அந்தப் பெண்கள் நிஜத்தில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தாராம் என்று கதைக்குள் ஒரு செருகல். முடிந்தது ஜோலி. இப்போது யாரும் சாதி மாறிக் கட்டவில்லை, எல்லாம் ஒரே இனம், சுபம். இது பிற்காலத்துக் கைவேலை என்று சுட்டிக்காட்டியவர் பேராசிரியர் நா.வானமாமலை. இந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தவர். ஊர், நாங்குநேரி.

கமலா கானின் சக்தியை மாற்றியதற்கு ராத்திரி பூரா சண்டை போட்ட தம்பிகளே, இதற்கு எத்தனை பேர் சண்டை போட்டீர்கள்?

அதே நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்களில் கூடப் படித்த பையன்களே இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிக்கூடங்களில் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. ஒவ்வொரு கலரும் ஒரு சாதி. ரப்பர் சட்டை தைக்கிறவர்கள் கவனிக்கவேண்டும்: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே காஸ்ட்யூம் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். அதைக் கழற்ற வைக்கும் கதை ஒன்று அவர்களுக்கு வேண்டும்.

முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். 2021ல் மாரி செல்வராஜ் 'கர்ணன்' எடுத்தார். அதில் முகமூடி போட்டு வருபவள் ஹீரோ இல்லை. பஸ் நிற்காத ஊரின் ரோட்டில் செத்துப்போன தங்கச்சி, காட்டுப்பேச்சியாக நிற்கிறாள். அந்த ஊர் ஜனம் கேட்டது உலகப் பாதுகாப்பு இல்லை, ஒரு பஸ் ஸ்டாப். சூப்பர் ஹீரோ என்ற பெயர்ப்பலகை இல்லாமலே தமிழில் வந்த நல்ல சூப்பர் ஹீரோ படம் அது.

ஆகவே தயாரிப்பாளர்களே, முத்துப்பட்டனை எடுங்கள். கிராஃபிக்ஸில் புலியும் யானையும் எவ்வளவு வேண்டுமானாலும் விடுங்கள், ரசிப்போம். ஆனால் இடைவேளைக்கு அப்புறம், 'அந்தப் பொண்ணுங்க உண்மையில் யாரு தெரியுமா...' என்று ஒரு பெரியவர் எழுந்து ஃபிளாஷ்பேக் சொல்ல ஆரம்பித்தால், திருநெல்வேலி தியேட்டரில் முதலில் விசிலடித்து எதிர்ப்புக் காட்டுகிறவன் நானாக இருப்பேன். காமிக்ஸ் ரசிகர்களே, அன்றைக்கு நீங்களும் வந்து பக்கத்தில் உட்காருங்கள்.