ஹெவ்லொக் வீதியில் ஒரு வரலாற்றுப் பாடம்

வரலாறு கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று 2025இல் கல்விச் சீர்திருத்தத்தை ஒட்டி நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. அந்தப் பாடம் வகுப்பறையில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தோட்டப் பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டே சங்க வேலையும் செய்கிற நாம் அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

எமது தோட்டத்துப் பிள்ளை ஒருவர் கல்வியியற் கல்லூரியில் படித்து, கற்பித்தல் பயிற்சிக்காகக் கொழும்பு ஹெவ்லொக் டவுனுக்கு அருகிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றுக்குப் போனார். 11ஆம் தரத்துக்கு வரலாறு. பாடம் கைத்தொழிற் புரட்சி. நூற்கும் இயந்திரம், நீராவி இயந்திரம், கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு என்று முதல் நாள் கழிந்தது. பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள், கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் நாள் அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஹெவ்லொக் வீதியில் அந்த உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் நிற்கிற காணியில் முன்னர் என்ன இருந்தது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே இருந்தது வெள்ளவத்தை நெசவாலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஆலை. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம். 1933இல் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா என்ற இளம் சட்டத்தரணியும் அவருடைய தோழர்களும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஆலைத் தொழிலாளருக்கென்று புதிய சங்கம் அமைந்தது. கொல்வின் அதன் தலைவரானார். அதற்கு முன்னர் கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க அந்த நாளில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சில் இறங்கியிருந்தார்; வேலைநிறுத்தத்துக்கு அவர் ஆதரவாக நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, வீட்டில் விசாரித்துக்கொண்டு வரும்படி அந்த ஆசிரியர் பிள்ளைகளிடம் சொன்னார். அடுத்த பாடவேளையில் வகுப்பை அடக்க முடியவில்லை என்கிறார். ஆலைச் சங்கு ஊதியதைத் தன் பாட்டி இன்னும் சொல்வதாக ஒரு பிள்ளை. அந்த மாடி வீடுகளில் ஒன்றில் தன் அம்மா சமையல் வேலை செய்வதாக இன்னொரு பிள்ளை. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்பதை அந்தப் பிள்ளை அதுவரை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை.

மதிப்பீடு செய்ய வந்தவர் எழுதிய குறிப்பு: "பாடப்பரப்பிலிருந்து விலகல்."

அவர் மீது நமக்குக் கோபமில்லை. ஒரு பாடவேளையின் நேரம் குறுகியது. பாடப்பரப்பு பெரிது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது. ஆனால் விலகல் எங்கே என்று கேட்கிறோம். ஆலை, இயந்திரம், கூலி, வேலை நேரம், சங்கம் என்பவைதானே கைத்தொழிற் புரட்சி? மன்செஸ்டரில் நடந்ததைப் படிக்கிற பிள்ளைக்கு, பாடசாலை வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்தது மட்டும் எப்படிப் பாடத்துக்கு வெளியே போகும்?

இந்தப் பாடம் மலைக்கும் வந்து சேர்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் அதே கொல்வின்தான். 1948இல் எமது மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைச் சமசமாஜிகள் எதிர்த்தார்கள். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்தவரும் கொல்வின்தான். சிறுபான்மையினருக்குச் சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பு அதில் இல்லாமல் போனது. ஒரே மனிதரின் வாழ்க்கையில் இவ்வளவும் உண்டு. யாரைப் புகழ்வது, யாரை ஏசுவது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இரண்டையும் முன்னால் வைத்து "ஏன்?" என்று கேட்டால் போதும். 16 வயதுப் பிள்ளைக்கு அதற்குரிய புத்தி உண்டு.

பாடநூலில் கோப்பியும் தேயிலையும் வருகின்றன. அவற்றை நட்டவர்கள் சில வரிகளில் வந்து போகிறார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை லயங்களில் குடும்பங்களைப் பிரித்தது, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை எத்தனை பேர் நாடற்றவராக இருந்தார்கள் என்பதெல்லாம் எமது பிள்ளைகள் வீட்டில் கேட்ட கதைகள். வீட்டுக் கதைக்குப் பாடசாலையில் மதிப்பில்லை என்று கண்டால், பிள்ளை வீட்டைப் பற்றியே வெட்கப்படத் தொடங்கும். கொழும்பில் தன் ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கும்.

ஆகவே எமது கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, கற்பித்தல் பயிற்சியின் மதிப்பீட்டில் உள்ளூர் வரலாற்றைப் பயன்படுத்தும் பாடத்துக்குத் தனியாகப் புள்ளி வேண்டும். புள்ளி இருந்தால் பயிலுநர் பயப்படமாட்டார், பாடசாலையும் தடுக்காது.

இரண்டாவது, பயிலுநருக்கு வாழக்கூடிய கொடுப்பனவு வேண்டும். மலையகத்து ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபாவுடன் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டதை நாம் மறக்கவில்லை. கொழும்பில் அறை வாடகையும் பஸ் காசும் கொடுத்து, பிரதி எடுக்கவும் தன் பணத்தையே செலவிடுகிற பயிலுநரும் ஒரு தொழிலாளியே. அவருக்காகவும் பேச வேண்டியது சங்கத்தின் வேலை.

மூன்றாவது கோரிக்கை எம்மிடமே. சங்கக் காரியாலயங்களின் அலுமாரிகளில் பழைய கூட்ட அறிக்கைகள், வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரங்கள், சம்பள ஒப்பந்தங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. சிலவற்றைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சத்தைத் தூசு தட்டி வரிசைப்படுத்தி, கேட்டு வரும் பயிலுநருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் ஒருவரை நியமிக்க வேண்டும். பழைய தோட்டத் தலைவர்களில் இன்னும் எம்முடன் இருப்பவர்களை வகுப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. அடுத்த மாவட்டக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம்.