வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசில்லாத காவல்

"கம்ப்யூட்டரைத் திறந்தாலே மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்து, 'ஐந்து வைரஸ் இருக்கிறது, உடனே இங்கே அழுத்துங்கள்' என்று மிரட்டுகிறதே, அழுத்திடட்டுமா?" என்று கேட்கும் சகோதரிகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.

வேண்டவே வேண்டாம்! இணையப் பக்கம் எதற்கும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்து வைரஸை எண்ணும் சக்தி கிடையாது. கோலம், சமையல் குறிப்பு என்று தேடிப் போன ஏதோ ஓரிடத்தில் 'அலவ்' என்று கேட்டிருக்கும். நீங்களோ பிள்ளைகளோ அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டுதான் இந்த மிரட்டல். குரோமில் செட்டிங்ஸுக்குள் போய், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள், சத்தம் அடங்கிவிடும். கட்டத்தில் போன் நம்பர் போட்டிருந்தால் அதற்குப் பேசவும் கூடாது.

"அப்படியானால் உண்மையான ஆன்டிவைரஸ் எதைப் போடுவது? வருஷா வருஷம் பணம் கட்ட முடியுமா?" நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம், காவல்காரன் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்பது. விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. தனிப் பணம் கிடையாது. ஸ்டார்ட்டை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். கேடயப் படத்தில் பச்சை டிக் இருந்தால் நிம்மதி. உள்ளே 'ரியல் டைம் புரொடக்‌ஷன்' ஆன் ஆகியிருக்க வேண்டும். அவ்வளவுதான்!

ஆரம்ப காலத்தில் இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் என்ற பரிசோதனைக் கூடம் ஆன்டிவைரஸ்களுக்குப் பரீட்சை வைத்து, பாதுகாப்பு, வேகம், உபயோகம் என்று ஒவ்வொன்றுக்கும் 6 மார்க் வீதம் போடுகிறது. காசு வாங்கும் கம்பெனிகளோடு போட்டி போட்டு டிஃபெண்டரும் நல்ல மார்க் வாங்குகிறது.

புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையிலிருந்து வரும்போதே வேறு ஏதாவது ஆன்டிவைரஸ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சில நாள் இலவசம், பிறகு "பணம் கட்டு" என்று நச்சரிப்பு. அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். கெடு முடிந்ததும் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும். இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர்தான் நகராமல் நிற்கும்.

வெளியிலிருந்து இலவசமாக ஒன்றை இறக்கிக்கொள்ள நினைத்தால், அந்தக் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து என்று யோசியுங்கள். அவாஸ்ட் பெயர் பெற்ற ஆன்டிவைரஸ். அதை வைத்திருந்தவர்கள் இணையத்தில் எதையெதைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் தன் கிளை நிறுவனம் மூலம் விற்றது என்று 2020-இல் வெளியே வந்தது. அந்தக் கிளையை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. மருத்துவ சந்தேகம், பணக் கஷ்டம் என்று நாம் தேடுவதெல்லாம் யார் கைக்கோ போவதென்றால் சும்மாவா? இன்னொன்று, நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் 2022 முதல் ஒரே நிறுவனத்தின் கையில். பலகைதான் வேறு, முதலாளி ஒருவர்!

கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே ஏதோ வந்துவிட்டது என்று தோன்றினால், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசமாகச் சுத்தம் செய்யும் சாதனங்களைத் தருகிறது.

நம் வீடுகளுக்கு வைரஸ் வரும் ராஜபாட்டை, ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென்டிரைவ். பையனின் புராஜெக்டைப் பிரிண்ட் எடுக்கப் போன பென்டிரைவில், திரும்பி வரும்போது ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். எதையும் திறக்காமல், பென்டிரைவ் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யும் வரியைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் கடைக்கென்றே ஒரு பழைய பென்டிரைவை ஒதுக்கி வையுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அதற்கான வழக்கமான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சுவரில் விரிசல் விழுந்தால் பூசித் தர ஆளில்லை என்றால், வாசலில் காவல்காரன் இருந்தும் பிரயோஜனம் குறைவுதானே? 11-க்கு மாற முடியுமா என்று அப்டேட் பகுதியில் பாருங்கள்.

எந்த ஆன்டிவைரஸும் போனில் நாமே சொல்லிவிடும் ஓடிபியைக் காப்பாற்றாது. பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் திரும்புவது சந்தேகம்தான். மாதம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்கில் அவற்றைப் பிரதி எடுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.