திரும்ப ஏற்றுவதற்கான கப்பல்

1877இல் துருக்கியோடு போர் மூண்டபோது கருங்கடலில் ரஷ்யாவிடம் சொல்லிக்கொள்ளும்படியான போர்க்கப்பல்கள் இல்லை. ஸ்தெபான் மகாரோவ் என்ற இளம் கடற்படை அதிகாரி 'வெலிகி க்னியாஸ் கான்ஸ்தாந்தின்' என்ற வணிகக் கப்பலைக் கேட்டுப் பெற்று, அதன்மேல் நான்கு நீராவிப் படகுகளை ஏற்றினார். பகைவர் துறைமுகத்துக்கு அருகே இரவில் படகுகளை இறக்குவது, அவை தாக்கிவிட்டு வந்ததும் தூக்கிக்கொண்டு விலகிவிடுவது: இதுதான் திட்டம். படகின் கொதிகலனைக் குளிர்ந்த நீரில் தொடங்கிச் சூடேற்றினால் நேரம் வீணாகும் என்று, தாய்க்கப்பலின் கொதிகலனிலிருந்தே வெந்நீர் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1878 ஜனவரியில் பாதூம் துறைமுகத்தில் அந்தப் படகுகள் ஏவிய டார்பிடோக்கள் ஒரு துருக்கியக் கப்பலை மூழ்கடித்தன.

இன்று நீருக்கடியில் ஓடும் ட்ரோன்களைச் சுமக்கக் கப்பல் வடிவமைப்பவர்களுக்கு மகாரோவே மூத்தவர் என்பேன். அவர் படகை மட்டும் எண்ணவில்லை. தூக்கும் கருவி, சூடேறும் நேரம், திரும்பும் வழி எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணினார்.

பிரான்ஸ் 1895இல் நீரில் இறக்கிய 'ஃபூத்ர்' என்ற கப்பல் டார்பிடோ படகுகளைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்டது. அந்தச் சிறு படகுகள் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிட்டன. கப்பல் பழசாகவில்லை. பழுதுபார்க்கும் கப்பலாயிற்று, கண்ணிவெடி விதைக்கும் கப்பலாயிற்று, 1912 வாக்கில் கடல் விமானங்களைச் சுமந்தது. ஜப்பானின் 'சியோதா'வும் அப்படித்தான். கடல் விமானங்களுக்காகக் கட்டப்பட்டு, குறுநீர்மூழ்கிகளைப் பின்புறக் கதவு வழியே கடலில் விடும் கப்பலாக மாறி, கடைசியில் விமானந்தாங்கியாகி 1944 அக்டோபரில் மூழ்கியது. சுமக்கப்படுவது சீக்கிரம் மாறும், சுமப்பது நீடிக்கும். அதனால் ஒரே ஒரு ட்ரோனின் அளவுக்குத் தைத்த சட்டைபோல ஒரு கப்பலைக் கட்டுவது பெரும் பிழை. அமெரிக்கக் கடற்படை தன் கடலோரப் போர்க்கப்பல்களுக்கென வளர்த்துவந்த கண்ணிவெடி தேடும் தொலைவியக்க வாகனம் நம்பத்தக்கதாக அமையவில்லை. 2016இல் அதைக் கைவிட்டார்கள். கப்பல்களோ கடலில் ஓடிக்கொண்டிருந்தன.

இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவதுதான் எப்போதும் கடினம். முதல் உலகப் போரின் கடல் விமானக் கப்பல்கள் விமானத்தைத் தூக்கக் கடல் நடுவே நிற்க வேண்டியிருந்தது. நிற்கும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு. ஓடும் கப்பல்மீது முதன்முதலில் விமானத்தை இறக்கிய எட்வின் டன்னிங், 1917 ஆகஸ்ட் 2இல் அதைச் சாதித்தார். ஐந்தே நாளில், மறுபடி இறங்க முயன்றபோது உயிரிழந்தார். நீரடி ட்ரோனில் ஆள் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் மின்கலம் தீர்ந்து மேலே வந்து அலையில் உருளும் அதைப் பிடித்துக் கொக்கி மாட்டித் தூக்கும் இடத்தில் இன்னும் மாலுமிகள் நிற்கிறார்கள். அவர்கள் கைகால்களின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது வரைபடத்தில் அந்த மூலைக்குக் கொடுக்கப்படும் இடம்தான்.

இதைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டவை பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2019இல் சேர்ந்து ஒப்பந்தம் போட்ட 12 கண்ணிவெடி எதிர்ப்புக் கப்பல்கள். முந்தைய தலைமுறைக் கப்பல்கள் கண்ணிவெடிக்கு அருகே போக வேண்டியிருந்ததால், காந்தத்தன்மையற்ற கண்ணாடியிழையால் 50 மீட்டர் சொச்ச நீளத்தில் கட்டப்பட்டன. புதியவை எஃகினாலானவை, 80 மீட்டருக்கும் மேல், சுமார் 2,800 டன். கப்பல் ஆபத்து வட்டத்துக்கு வெளியே நிற்கும். 12 மீட்டர் ஆளில்லாப் படகுகள் பக்கவாட்டில் தொட்டிலோடு இறங்கி, சோனாரையும் நீரடி ட்ரோன்களையும் கொண்டு உள்ளே போகும். கப்பல் இவ்வளவு பெருத்ததற்குப் பெரிய காரணம் அந்தப் படகுகளும் அவற்றை ஏற்றி இறக்கும் பொறிகளும்தான். அந்தச் செலவு தகும் என்றே நினைக்கிறேன்.

நமக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. கடலூர், புதுச்சேரி என்று நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய சோவியத் காலக் கண்ணிவாரிக் கப்பல்களின் வரிசை 2019இல் ஓய்வு பெற்று முடிந்தது. கோவாவில் 12 புதிய கப்பல்கள் கட்டும் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டே கைவிடப்பட்டிருந்தது. 2025 ஜூலையில்தான் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழு புதிய கண்ணிவெடி எதிர்ப்புக் கப்பல்களுக்கு முதற்கட்ட ஒப்புதல் தந்தது. தாமதம் பெரிது, ஆனாலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எந்த நாட்டு ட்ரோனை வாங்குவது என்ற பேச்சு வருமுன், அகலமான பின்தளம், இன்றைய எடைக்கு மேலும் தாங்கும் கிரேன், மின்கலத் தீயைத் தாங்கும் அறை, கூடுதல் மின்சாரம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். படகை ஏற்றப்போகும் மாலுமிகளை வரைபட மேசைக்கு முதல் நாளே அழைக்க வேண்டும்.